பிள்ளைகள் கையில் என்ன கொடுப்பது?

தோழர்களே! சம்பளம் வாங்கிய நாளன்று வீடு திரும்பும்போது பிள்ளைக்கு என்ன வாங்கிச் செல்கிறீர்கள்?

எந்தப் பாட்டாளித் தோழரைக் கேட்டாலும் விடை உடனே வரும். மிக்சர் பொட்டலம், பூந்தி. பண்டிகை நெருங்கினால் புதுச்சட்டை. கையில் நாலு காசு கூடுதலாக இருந்தால் சாவி கொடுத்தால் ஓடும் மோட்டார் கார். ஒன்றும் இல்லையென்றால் தன் கைப்பேசியையே பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சற்றே கண்ணயர்வார். பகலெல்லாம் உழைத்த உடம்பு. களைப்பைக் குற்றமென்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால், "பிள்ளைக்கு ஒரு கதைப் புத்தகம் வாங்கினேன்" என்று சொல்கிற தோழர் பத்துப் பேரில் ஒருவராவது உண்டா?

"பாடப் புத்தகம்தான் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறார்களே, வேறு புத்தகம் எதற்கு?" என்பார் ஒருவர். "கதைப் புத்தகம் படித்தால் பரீட்சையில் கோட்டை விடுவான்" என்பார் இன்னொருவர். "அதெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு" என்று பெருமூச்சு விடுவார் மூன்றாமவர். இந்த மூன்றாவது விடைதான் நம்மைச் சுடுகிறது. படிப்பு பெரிய இடத்துச் சொத்து என்ற எண்ணத்தை உடைக்கத்தானே இயக்கம் பிறந்தது? அந்த எண்ணம் நம் வீட்டுக் கூடத்திலேயே குந்தியிருக்கலாமா?

மயிலையிலும் தியாகராயநகரிலும் அடையாற்றிலும் ஒரே தெருவில் இரண்டு உலகங்கள் வாழ்கின்றன. மாடி வீட்டில் பிள்ளைக்கென்று ஓர் அறை, அறையில் ஓர் அலமாரி, அலமாரி நிறைய வண்ணப் படப் புத்தகங்கள், பெட்டி பெட்டியாக விளையாட்டுக் கருவிகள். அந்த வீட்டைப் பெருக்கி, அந்த அலமாரியைத் துடைத்து வைக்கிற அம்மாவின் பிள்ளை, பின்சந்தில், பத்தடிக்குப் பத்தடி அறையில் உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பரீட்சைதான். ஆனால் ஒரு பிள்ளை அதற்குமுன் ஐந்நூறு கதைகளைக் கேட்டுவிட்டு வருகிறது. மற்றது ஒன்றுகூடக் கேளாமல் வருகிறது. பிறகு, "அந்தப் பிள்ளைக்கு மூளை அதிகம்" என்று ஊர் பேசும். மூளையிலா இருக்கிறது வேறுபாடு? அலமாரியில் இருக்கிறது!

தியாகராயநகர் சொல்லும் பாடம்

தியாகராயநகர் என்று சொல்லும்போதே நெஞ்சு நிமிர வேண்டியவர்கள் நாம். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரால் அமைந்த நகர் அது. அங்கே பனகல் அரசர் பெயரால் ஒரு பூங்கா. டாக்டர் நடேசனார் பெயரால் ஒரு பூங்கா. டாக்டர் நாயர் பெயரால் ஒரு சாலை. பாண்டிபஜார் என்று ஊரார் அழைக்கும் கடைவீதிக்குச் சௌந்தரபாண்டியனார் பெயர். அந்நகரின் தெருப்பலகைகளை வரிசையாகப் படித்தாலே இயக்க வரலாற்றின் பொருளடக்கத்தைப் படித்ததாகும்.

அந்தத் தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த காலத்தில், 1920-ஆம் ஆண்டு, ஆயிரம்விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தருவதென்று தீர்மானம் நிறைவேறியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு என்று கணக்குப் போட்டார்கள். பசித்த வயிற்றோடு வரும் பிள்ளையின் காதில் பாடம் ஏறாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பின்னாளில் தமிழகம் முழுவதும் பரவிய மதிய உணவுக்கு அது முன்னோடி.

வயிற்றுக்குச் சோறிட்ட வரலாறு நமக்கு உண்டு. அறிவுக்கு இடவேண்டிய சோறு ஒன்று இருக்கிறது. பாடப் புத்தகம் மருந்து போன்றது. வேளை தவறாமல் உட்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மருந்தை மட்டும் உண்டு எந்தக் குழந்தையும் வளர்ந்ததில்லை. கதையும் பாட்டும் படமும் விளையாட்டும்தான் பிள்ளையின் அறிவுக்கு அன்றாட உணவு. தானே விரும்பி ஒரு புத்தகத்தை எடுத்து, தானே விரும்பி அதை முடிக்கிற பிள்ளைக்குப் பாடப் புத்தகம் பூச்சாண்டியாகத் தெரியாது.

அறிஞர் அண்ணா, 'வீட்டிற்கோர் புத்தகசாலை' என்னும் தலைப்பில் வானொலியில் பேசினார். அந்தத் தலைப்பைத் தெரியாத தோழர் இருக்க முடியாது. மாநாட்டுப் பந்தல்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தலைப்பு நமக்கு மனப்பாடம். வீட்டில் புத்தகசாலை இருக்கிறதா? இருந்தால், அதில் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் ஒரு தட்டு இருக்கிறதா?

படிப்பகத்தில் பிறந்த இயக்கம்

நம் இயக்கம் எங்கே வளர்ந்தது? மாளிகைகளிலா? தேநீர்க் கடையிலும், முடிதிருத்தும் நிலையத்திலும், கீற்றுக் கொட்டகையில் நடந்த படிப்பகத்திலும் வளர்ந்தது. எழுத்தறிந்த ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள். கேட்டவர் மறுநாள் தன் ஆலையில், தன் துறையில், தன் வண்டிப்பேட்டையில் அதைப் பேசுவார். அச்சிட்டது ஓர் ஏடு; அது சென்று சேர்ந்தது ஓராயிரம் நெஞ்சங்களில்.

அந்த முறையைத்தான் நம் பிள்ளைகளுக்கும் கொண்டுவர வேண்டுமென்கிறோம். "எனக்கே படிக்கத் தெரியாது, பிள்ளைக்கு எப்படிப் படித்துக் காட்டுவேன்?" என்று தயங்கும் தோழருக்கு நாம் சொல்வது: நீங்கள் படிக்க வேண்டாம், பிள்ளையைப் படிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள்! இரவுச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். அப்பாவும் அம்மாவும் ஆயாவும் உட்கார்ந்து கேட்கட்டும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று அப்பா கேட்கும் ஒரு கேள்வி, வாத்தியாரின் நூறு பாராட்டுக்குச் சமம். தான் படித்ததை வீடே கேட்கிறது என்று அறிந்த பிள்ளை, நாளைக்கு மேடை ஏறத் தயங்குமா?

வரியும் உரிமையும்

"காசுக்கு எங்கே போவது?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. கூலிக்கும் வாடகைக்கும் நடுவே திணறும் குடும்பத்துக்குப் புத்தகச் செலவு பெரிதுதான். ஆனால் நமக்குச் சொந்தமான புத்தகங்கள் லட்சக்கணக்கில் அடுக்கிக் கிடக்கின்றன என்பதைத் தோழர்கள் அறியவேண்டும்.

1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே அத்தகைய முதற்சட்டம். கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம். சட்டத்துக்குப் பல ஆண்டுகளாக வாதாடியவர், சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த இரங்கநாதன். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பதை நூலகக் கலையின் முதல் விதியாக வைத்தவர் அவர். அச்சட்டப்படி சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலாகிறது. வீட்டுக்காரர் கட்டுகிறார், கட்டியதை நம் வாடகையில் ஏற்றுகிறார். ஆக, மயிலையின் சந்தில் குடியிருக்கும் சலவைத் தொழிலாளியும், ரங்கநாதன் தெருக் கடையில் நாளெல்லாம் நின்றபடி வேலை செய்யும் இளைஞனும் நூலகத்துக்குப் பணம் கொடுத்தவர்களே. வட்டாரக் கிளை நூலகத்தின் படியேறுவது இரவலுக்குப் போவதன்று. உரிமையை எடுக்கப் போவது.

அடையாற்றுக்கு இக்கரையில் கோட்டூர்புரத்தில் நிற்கிறதே அண்ணா நூற்றாண்டு நூலகம், அதைப் பார்க்காத தோழர் குடும்பத்தோடு ஒருமுறை போய்வர வேண்டும். 15-9-2010 அன்று, அண்ணாவின் பிறந்த நாளில், முதலமைச்சராக இருந்த கலைஞர் திறந்து வைத்தது. எட்டு ஏக்கர் நிலம். முதல் தளத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி. நடுவில் பெரிய செயற்கை மரம். அதைச் சுற்றி உட்கார்ந்து படிக்கலாம். கார் வைத்திருப்பவனின் பிள்ளைக்கும் கார் கழுவுபவனின் பிள்ளைக்கும் அங்கே ஒரே நாற்காலி.

அந்த நாற்காலியையும் பறிக்கப் பார்த்த காலம் ஒன்று வந்தது. 2011 நவம்பரில் அன்றைய அ.தி.மு.க. அரசு, நூலகத்தை அங்கிருந்து மாற்றிவிட்டுக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அறிவித்தது. பிள்ளைகளுக்கு மருத்துவமனை வேண்டாமென்று எவர் சொன்னார்? வேண்டும், ஒன்றல்ல, பத்து வேண்டும். ஆனால் பிள்ளையின் படிப்பைப் பிடுங்கித்தான் பிள்ளைக்கு மருந்து தரவேண்டுமா? அறிஞர்கள் எதிர்த்தார்கள், எழுத்தாளர்கள் எதிர்த்தார்கள், மாணவர்கள் எதிர்த்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது, தடை பிறந்தது, நூலகம் நிலைத்தது. அப்படிக் காப்பாற்றப்பட்ட நூலகத்துக்குள் நம் பிள்ளைகளின் காலடி படவில்லையென்றால் காப்பாற்றிய பயன் என்ன?

கோட்டூர்புரத்தில் அந்த நூலகத்துக்குக் கூப்பிடு தொலைவில் வாரியக் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகள் நடந்தே போகலாம். ஆனால் அடையாற்றங்கரையில் வாழ்ந்து, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள்? அவர்களுக்கு வீடு மாறியது; பள்ளி மாறியது; நூலகமும் எட்டாத் தொலைவுக்குப் போய்விட்டது. அங்கே புத்தகம் பிள்ளையைத் தேடிப் போகவேண்டும்.

போகாதா என்ன? 1931-லேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டியில் நூலகம் புறப்பட்டது. ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் கொடுத்தது. கனகசபைப் பிள்ளை என்பவர் அமைத்த வண்டி அது. மாட்டு வண்டி போன நாட்டில் ஆட்டோ போகாதா? ஆட்டோ ஓட்டும் தோழர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம், பின் இருக்கையில் ஐம்பது புத்தகம். போதாதா?

எதைப் படிக்கக் கொடுப்பது?

பெயர் சொல்லாமல் "புத்தகம் வாங்குங்கள்" என்பது, விலாசம் சொல்லாமல் "வீட்டுக்கு வாருங்கள்" என்பது போல. ஆகவே சில பெயர்களைச் சொல்கிறோம்.

எழுத்தறியாத சிறு பிள்ளைக்குப் பாட்டும் படமும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' இருக்கிறது. 1922-இல் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள இராயவரத்தில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காக வாழ்நாளெல்லாம் எழுதியவர்; 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமானவர். அவர் பாட்டுகள் வாயில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை கேட்டால் பிள்ளை விடாது. புரட்சிக்கவிஞர் பாரதிதாசனின் 'இளைஞர் இலக்கிய'மும் வீட்டில் இருக்கவேண்டும். மானமும் அறிவும் தமிழும் பிள்ளை மொழியில் அதில் கிடைக்கும். அவர் நூல்கள் நாட்டுடைமை. எந்த மன்றமும் எடுத்து அச்சிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். படப் புத்தகங்களுக்கு நேஷனல் புக் டிரஸ்டின் வெளியீடுகள் உண்டு. சென்னையிலேயே 1996 முதல் துளிகா பதிப்பகம் படக்கதைகளை வெளியிடுகிறது. பக்கத்தின் ஒருபுறம் தமிழும் மறுபுறம் ஆங்கிலமுமாக வரும் அதன் நூல்கள் இரு மொழியையும் ஒருசேரப் பழக்கும்.

எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்குக் கதை வேண்டும். உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை'யை வாங்கிக் கொடுங்கள். 2023-இல் சாகித்ய அகாதெமியின் பால புரஸ்கார் விருது பெற்ற நூல். கீழடியின் பழந்தமிழ் வாழ்வை ஒரு சிறுவனின் கண்வழியே காட்டுகிறது. நாம் மேடையில் ஒரு மணி நேரம் பேசிப் புரியவைக்கும் தமிழர் தொன்மையை, அந்தச் சிறு நூல் பிள்ளையின் கைபிடித்து அழைத்துப்போய்ப் புரியவைக்கிறது. 2024-இல் அதே விருது பெற்ற யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' மற்றொன்று.

பெண்பிள்ளை உள்ள வீட்டிலும் ஆண்பிள்ளை உள்ள வீட்டிலும் கட்டாயம் இருக்கவேண்டிய நூல் எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020-இல் விருது பெற்றது. நவராத்திரி வந்தால் மயிலை மாடவீதியில் மரப்பாச்சிப் பொம்மைகளை வாங்கிப்போய்க் கொலுப்படியில் நிறுத்துகிறார்கள். அந்த மரப்பாச்சி இந்தக் கதையில் வாய் திறந்து பேசுகிறது. தொடக்கூடாத இடத்தில் தொடும் பெரியவர்களிடம் பிள்ளை என்ன சொல்லவேண்டும், யாரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்பதை அச்சமூட்டாமல் சொல்லிக்கொடுக்கிறது. தாயும் தந்தையும் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவதை ஒரு புத்தகம் சொல்லிவிடுகிறது. பிள்ளையைக் காக்கும் நூலுக்குக் கொடுக்கும் காசு செலவாகுமா?

"பொம்மைப் படக்கதை படிக்கலாமா?" என்று சிலர் கேட்பதுண்டு. தாராளமாகப் படிக்கலாம். சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்டபோது எத்தனை ஏழைப் பிள்ளைகள் அதை வைத்துத் தமிழ் படிக்கப் பழகினார்கள் என்பதை நம் வயதுத் தோழர்கள் அறிவார்கள். படக்கதை முதற்படி. முதற்படியில் ஏறாதவன் மாடிக்குப் போவதெப்படி?

அம்புலிமாமாவையும் சிலர் நினைவூட்டுவார்கள். 1947-இல் சென்னையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கி, பல மொழிகளில் கிளைத்து, 2010-களின் தொடக்கத்தில் நின்றுபோன இதழ். பேயும் பூதமும் அரசனும் அமைச்சனும் நிறைந்த கதைகள். பகுத்தறிவாளர் வீட்டுக்கு ஆகுமா? ஆகும், பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தால். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கதையை முடித்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை, கேள்வி போடுகிறது. அதுபோல நாமும் கதை முடிந்ததும் கேட்போம்: "பிணத்துக்குள் வேதாளம் புகுந்து பேசுமா? அரசன் செய்தது நியாயமா? நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" கேள்வி கேட்கப் பழகிய பிள்ளையை எந்தப் பூதமும் ஒன்றும் செய்யாது.

பதின்மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைக்கு அறிவியல் வேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் 'துளிர்' இதழைப் படிப்பகத்துக்கு வரவழைக்கலாம். ரஷ்ய நாட்டுப் பெரல்மான் எழுதிய 'பொழுதுபோக்கு பௌதிகம்' தமிழில் வந்திருக்கிறது. மிதிவண்டி ஏன் சாய்வதில்லை, நிழல் ஏன் நீள்கிறது என்று அன்றாடம் காண்பதையே அறிவியலாகக் காட்டும் வகை நூல் அது. மெக்கானிக் தோழர்கள் பிள்ளையோடு சேர்ந்து படித்தால் தாங்களும் விடமாட்டார்கள். ஜப்பானியப் பெண்மணி குரோயநாகி எழுதிய 'டோட்டோ-சான்' தமிழில் கிடைக்கிறது. ஒரு பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளை வகுப்பறையாகக் கொண்ட இன்னொரு பள்ளியில் மலர்ந்த உண்மைக் கதை.

பெற்றோர் படிக்கவும் ஒன்று சொல்கிறோம். இரா. நடராசனின் 'ஆயிஷா'. கேள்வி கேட்டதற்காக அடிபட்ட ஒரு பள்ளிச் சிறுமியின் கதை, சின்னஞ்சிறு நூல், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். முடித்தபின் பிள்ளையின்மேல் கை ஓங்க மனம் வராது. வளர்ந்த மகளுக்கும் மகனுக்கும் பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' மலிவுப் பதிப்பில் கிடைக்கிறது. திருமணப் பரிசாகக் கொடுக்கிறோமே, பதினாறு வயதிலேயே கொடுத்தால் என்ன?

எங்கே வாங்குவது என்றால், ஆண்டுதோறும் பொங்கலையொட்டிப் புத்தகக் காட்சி நடக்கிறது. 1977-இல் அண்ணாசாலையில் ஒரு பள்ளி வளாகத்தில் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் நந்தனத்தில் நடந்து வருகிறது. சைதையிலிருந்தும் தியாகராயநகரிலிருந்தும் நடை தூரம். பொங்கல் போனசில் ஒரு சிறு பங்கை ஒதுக்கிக் குடும்பத்தோடு போகலாம். தேனாம்பேட்டை பாரதி புத்தகாலயத்திலும் மற்றப் பதிப்பகங்களிலும் பிள்ளைகளுக்கான மெல்லிய நூல்கள் இரண்டு மூன்று தேநீர் விலைக்கே கிடைக்கும். மயிலை லஸ் பகுதியின் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள் எத்தனையோ ஏழை மாணவர்களைப் பட்டதாரிகளாக்கின. பழையது என்று ஒதுக்கவேண்டாம். எழுத்துப் பழையதானால் கருத்துமா பழையதாகிவிடும்?

ஆடும் புலியும்

படிப்பு ஒருபுறம் இருக்க, விளையாட்டுக்கு வருவோம். "ஓடி விளையாட இடமில்லை" என்பது உண்மை. தெருவை மோட்டார் வண்டிகள் பிடித்துக்கொண்டன. ஆனால் ஒரு முழத் தரையும் ஒரு கட்டிக் கரியும் இருந்தால் ஆடக்கூடிய ஆட்டங்கள் நம் முன்னோரிடம் இருந்தன. கீழடியில் மண்ணைத் தோண்டியபோது பகடைக்காயும், ஆட்டக்காயும், வட்டச் சில்லும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழன் உழைத்தான், எழுதினான், விளையாடினான்!

அவற்றுள் பிள்ளைகளுக்கு நாம் முதலில் கற்றுக்கொடுக்க விரும்புவது ஆடு புலி ஆட்டம். பழைய மண்டபங்களின் கல்தரையில் இதன் கட்டத்தை இன்றும் காணலாம். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டும், ஆட்டை வெட்டும். ஆடு தாண்டாது, வெட்டாது. ஓரடி நகரும், அவ்வளவுதான். வலிமையெல்லாம் புலிக்கு. அப்படியிருந்தும் ஆடு வெல்லும்! எப்படி? தனியாக நிற்கும் ஆட்டைப் புலி தாண்டிவிடும். ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் தாண்ட இடமில்லை. ஒன்றின் முதுகை ஒன்று காத்து, அடிமேல் அடிவைத்துப் புலியை மூலையில் முடக்கினால் ஆட்டம் முடிந்தது. தொழிற்சங்கப் பாடத்தை இதைவிட எளிதாகப் பிள்ளைக்குச் சொல்ல எந்தப் பேராசிரியரால் முடியும்?

பரமபதம் வேறுவகை. தாயக்கட்டை சொல்கிறபடி ஏணியில் ஏறுவது, பாம்பின் வாயில் விழுந்து இறங்குவது. ஆடுபவன் யோசிக்க ஒன்றுமில்லை. எல்லாம் விழுகிற எண்ணின் பாடு. பொழுது போவதற்கு ஆடட்டும். ஆனால் வாழ்க்கை அப்படித்தான் என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. "நம் தலையில் எழுதியது இவ்வளவுதான்" என்று கைகட்டி நின்ற சமுதாயத்தை நிமிர்த்தப் பட்ட பாடு கொஞ்சமா? ஒரு முறை பரமபதம் ஆடினால் இரண்டு முறை ஆடு புலி ஆடட்டும்.

கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் 'வியாபாரம்', 'டிரேட்' ஆட்டம் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஊரூராக நிலம் வாங்கி, வந்தவனிடமெல்லாம் வாடகை பிடுங்கி, கடைசியில் ஒருவன் பணக்காரனாகி மற்றவரெல்லாம் ஓட்டாண்டியாகும் ஆட்டம். இதன் மூலக்கதை பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண்மணி, 1904-இல் 'நிலச்சுவான்தார் ஆட்டம்' என்ற பெயரில் இதற்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தை ஒருவன் குவித்துக்கொண்டால் மற்றவர் எப்படி அழிகிறார்கள் என்று மக்களுக்கு விளக்கி எச்சரிப்பதற்காக அமைத்த ஆட்டம் அது. ஒருவன் விளைத்த செல்வத்தால் எல்லாரும் பயன்பெறும் வேறொரு விதிமுறையையும் அவர் வகுத்திருந்தார். 1935-இல் ஒரு பெரிய நிறுவனம் ஆட்டத்தை 'மோனோபலி' என்று விற்கத் தொடங்கியது. மேகிக்குக் கிடைத்தது 500 டாலர். நிறுவனத்துக்குக் கிடைத்தது கோடி கோடி! சுரண்டலை எச்சரிக்கப் பிறந்த ஆட்டமே சுரண்டப்பட்ட கதையைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, பிறகு ஆடச் சொல்லுங்கள். தோற்றவன் அழும்போது, "ஏன் தோற்றாய், யாருக்கு நிலமெல்லாம் போயிற்று?" என்று கேளுங்கள். பொருளாதாரப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

பல்லாங்குழியை மறக்கலாமா? பதினான்கு குழி, ஒரு பிடி புளியங்கொட்டை. எண்ணிப் போடப் போடக் கணக்கு விரலுக்கு வரும். அடுத்த குழியில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டி நினைக்கப் பழகும். "பெண்பிள்ளை ஆட்டம்" என்று முத்திரை குத்திவிட்டார்கள். பையன்களும் ஆடட்டும், கணக்கு அவர்களுக்கும் வேண்டும்.

சதுரங்கம் இன்று சென்னையின் ஆட்டம். 1972-இல் மானுவல் ஏரன், சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் மிகயில் டால் பெயரில் ஒரு சதுரங்கக் கழகம் அமைத்தார். 1961-லேயே இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானவர் அவர். மேசையும் பலகையும் புத்தகமும் நல்ல ஆட்டக்காரர்களும் ஓரிடத்தில் கிடைத்த அந்தக் கழகத்துக்கு வந்து ஆடிய சிறுவர்களில் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பரில் சென்னைப் பிள்ளை குகேஷ் பதினெட்டு வயதில் உலக வாகையர் ஆனார். வீட்டுக்கு வீடு மேதை பிறப்பார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பலகை விரித்த இடத்தில்தான் ஆட்டக்காரன் தோன்றுவான். பலகையே இல்லாத சந்தில் எத்தனை ஆனந்துகள் ஆடாமலே போனார்களோ!

மன்றத்தின் வாசலில் மகள்

சுண்டாட்டம் என்னும் கேரம் நம் மன்றங்களின் சொத்து. விளக்கைத் தாழ இறக்கி, பலகையில் பொடி தூவி, நள்ளிரவு வரை ஆடுகிற ஆட்டம். சென்னையின் சந்துகளிலிருந்து எழுந்து, மரிய இருதயம் இருமுறை உலக வாகையர் பட்டம் வென்று 1996-இல் அர்ச்சுனா விருது பெற்றார். கேரம் ஆட்டத்துக்காக அவ்விருது பெற்றவர் அவர். வியாசர்பாடி உழைப்பாளி வீட்டுப் பெண் இளவழகி 2008-இல் உலக வாகையர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, சென்னையில் ஆட்டோ ஓட்டும் தந்தையின் மகள்.

இதைக் கேட்டுக் கைதட்டும் தோழரை ஒன்று கேட்கிறோம். உங்கள் மன்றத்தில் கேரம் பலகை இருக்கிறது. அதைச் சுற்றி எந்த மாலையிலாவது ஒரு பெண்பிள்ளை நின்றதுண்டா? "வயதுப் பெண் ஆம்பிளைகள் கூடும் இடத்துக்கு வருவதா?" என்பீர்களானால், அந்த இடத்தைப் பெண்பிள்ளை வரத்தக்க இடமாக்க வேண்டியவர் யார்? பீடியும் வசைச்சொல்லும் வெளியே போகட்டும்; மகள் உள்ளே வரட்டும். பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்ட இயக்கம், பெண்ணுக்குக் கேரம் பலகையில் ஒரு பக்கம் தரத் தயங்கலாமா?

செய்ய வேண்டியது என்ன?

கைப்பேசியைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. பிடுங்கினால் அழும், அழுதால் திரும்பக் கொடுப்பீர்கள். அதைவிடச் சுவையான ஒன்றை முன்னால் வைத்தால் கைப்பேசி தானே கீழே போகும். வைப்பதற்கு வழி சொல்கிறோம்.

ஒன்று: தோழர் ஒவ்வொருவர் வீட்டிலும், பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் ஒரு பலகை அடியுங்கள். மாதம் ஒரு புத்தகம். ஆண்டு முடிவில் பன்னிரண்டு; பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வருமுன் நூறைத் தாண்டும். அண்ணா சொன்ன வீட்டுப் புத்தகசாலை அதுதான்.

இரண்டு: படிப்பகம் ஒவ்வொன்றும் வாரத்தில் ஒரு மாலையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கட்டும். அன்று அரசியல் பேச்சு வேண்டாம். ஒரு பெரியவர் கதை படிக்கட்டும், ஒரு பிள்ளை திரும்பச் சொல்லட்டும். தரையில் ஆடு புலிக் கட்டம் வரையட்டும். மேசையில் சதுரங்கப் பலகை இருக்கட்டும்.

மூன்று: பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துப்போய்க் கிளை நூலகத்தில் உறுப்பினராக்குங்கள். இருபது பிள்ளைகள் சேர்ந்து போய் நின்றால் எந்த நூலகரும் அலமாரியைத் திறப்பார்.

நான்கு: தலைவர்களின் பிறந்த நாளில் சுவரொட்டிக்கும் பட்டாசுக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகள் நூலுக்கு ஒதுக்குங்கள். மறுநாள் மழையில் சுவரொட்டி கிழிந்துவிடும். பிள்ளை படித்த கதை அறுபது ஆண்டு நிற்கும்.

பெரும்பாக்கத்துக் குடியிருப்பிலும், ஊரூர்க் குப்பத்திலும், மயிலைச் சந்திலும் ஒரு பிள்ளை இன்றிரவு கதை கேட்கக் காத்திருக்கிறது. கூட்டம் முடிந்து நேரங்கழித்து வீட்டுக்குப் போகும் தோழரே, நாளை ஒருநாள் சற்று முன்னதாகப் போங்கள். போகும்போது கையில் ஒரு புத்தகம் இருக்கட்டும்!